தேவகிருபையின் அறுபது மீன்கள்

மீன் சாவதைப் பார்த்து எழுதுவதுதான் தேவகிருபையின் வேலை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கீழே பிரியாணிக் கடை, நடுவில் இன்சூரன்ஸ் ஆபீஸ், மேலே மீன் தொட்டிகள். தோல் தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனங்கள் அங்கே சின்னப் புட்டிகளில் வந்து சேரும். தேவகிருபை அவற்றை அளந்து தொட்டித் தண்ணீரில் கலப்பார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் கோடு போட்ட வரி மீன்களைத் தொட்டிக்குப் பத்து வீதம் விடுவார். பிறகு தொண்ணூற்றாறு மணி நேரம், அதாவது முழுசாக நான்கு நாள், எந்தத் தொட்டியில் எத்தனை செத்தன என்று எண்ணி எழுதுவார். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றனவோ அந்த எண்ணை வைத்துத்தான் அந்தச் சரக்கு ஆற்றுக்கும் ஏரிக்கும் எவ்வளவு ஆபத்து என்று உலகம் முழுக்க முடிவு செய்கிறார்கள்.

செத்துவிட்டது என்று எழுதுவதற்கும் விதி உண்டு. கண்ணாடிக் கோலால் வாலடியை மெல்லத் தொட வேண்டும். அசைவில்லை, செவுளும் ஆடவில்லை என்றால் செத்தது. இந்த விதி மீனுக்கு மட்டும்தான். கோலால் தொட்டாலும் அசையாத சங்கத் தலைவர்கள் பலர் நம் பக்கத்தில் இன்னும் பதவியில் இருக்கிறார்கள்.

தேவகிருபையின் வீட்டில் எல்லோரும் நர்ஸ். அம்மா நர்ஸ், இரண்டு அக்காமார் நர்ஸ், சின்னம்மா வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுப் பொறுப்பாளர். இவரையும் அதற்குத்தான் அனுப்பியிருப்பார்கள். பதினேழு வயதில் ஒரு விபத்து வார்டைப் பார்க்கப் போய், ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்து, நோயாளிக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே இவரையும் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. அதனால் திருப்பத்தூரில் விலங்கியல் படித்தார். மீனுக்கு ரத்தம் கம்மி. படித்து முடித்ததும் இந்த வேலை கிடைத்தது. குடும்பத்தில் எல்லோரும் உயிரைக் காப்பாற்றுகிறார்கள், இவள் ஒருத்திதான் உட்கார்ந்து சாவை எண்ணுகிறாள் என்று பெரிய அக்கா கிறிஸ்துமஸ் தோறும் சொல்வார். தேவகிருபை சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு வறுத்த வஞ்சிரத்தை எடுத்துப் போட்டுக்கொள்வார். மீன் தின்பதில் அவருக்கு எந்த உறுத்தலும் கிடையாது. கணக்குத் தப்பினால்தான் உறுத்தும்.

பத்தொன்பது வருடம் அப்படியே ஓடியது. போன வருடம் ஆகஸ்டில் செல்வகுமார் வந்தார்.

செல்வகுமார் ரசாயன விற்பனையாளர். மழைக்காலத்தில் ஈரத் தோல்மேல் பூஞ்சை பிடித்துவிடும். அதைத் தடுக்க ஒரு மருந்து போடுவார்கள். அந்த மருந்தில் புதிதாக ஒன்றை அவருடைய கம்பெனி கொண்டுவந்திருந்தது. பெயர் ஹரிதகார்டு. அவர் ஒரு கையில் ஆற்காடு மக்கன் பேடா டப்பாவும் மறு கையில் அந்த மருந்தின் லேபிளும் கொண்டுவந்தார். லேபிளில் ஒரு பச்சை இலை, ஒரு நீர்த்துளி, துளியிலிருந்து துள்ளிக் குதிக்கும் ஒரு மீன். மீனின் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது.

"லேபிள் அடிச்சாச்சு சார். ரிசல்ட்டுதான் பாக்கி" என்றார்.

கூடத்தின் முதலாளி மதியழகன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மதியழகன் வேதியியலில் முதுகலை. மேடை கிடைத்தால் பாலாற்றைப் பற்றி நாற்பது நிமிடம் குரல் தழுதழுக்கப் பேசுவார். மேடையை விட்டு இறங்கியதும் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பார்.

செல்வகுமாரின் கவலை ஒரு படத்தைப் பற்றியது. நீரில் வாழ்வனவற்றுக்குக் கொடிய நஞ்சான சரக்கின் டிரம்மில், செத்த மீனும் பட்ட மரமும் உள்ள ஒரு அடையாளப் படத்தை ஒட்டியாக வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமோ, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமோ, அதற்கும் குறைவாகவோ கலந்தாலே பாதி மீன்கள் செத்துப் போனால் படம் கட்டாயம். அந்தப் படம் வந்துவிட்டால் தம் சிரிக்கும் மீனுக்குப் பக்கத்திலேயே ஒரு செத்த மீனும் கிடக்கும், பார்க்க நன்றாக இருக்காது என்று அவர் வருத்தப்பட்டார்.

தேவகிருபை ஆறு தொட்டிகளை வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்ற ஐந்தில் ஹரிதகார்டு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராமில் தொடங்கி, ஒவ்வொன்றும் முன்னதைப் போல இரு மடங்கு. மொத்தம் அறுபது மீன்கள். காலை பத்து மணிக்கு விட்டார். 0.8 தொட்டியில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்தும் மல்லாந்துவிட்டன. 0.4 தொட்டியில் மறுநாள் காலைக்குள் பத்தும் போயின. நான்காம் நாள் முடிவில் 0.2-இல் ஆறு, 0.1-இல் இரண்டு. மிச்சம் இருந்த இரு தொட்டிகளிலும் சாவே இல்லை. அறுபதில் இருபத்தெட்டு செத்து, முப்பத்திரண்டு பிழைத்தன. ஒரு தண்ணி லாரியில் ஒரு சிட்டிகை போட்டால் பாதி மீன் காலி என்று பொருள். படம் கட்டாயம் என்ற எல்லையைவிட ஐந்து மடங்கு மோசம்.

மதியழகன் அந்த எண்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு மீன்களைச் சந்தேகித்தார். வாங்கி வந்த இடம் சரியில்லையோ, பயணக் களைப்போ, தீனி போதவில்லையோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெறும் தண்ணீரில் விட்ட பத்தும் அதே வண்டியில் வந்தவைதான், நன்றாக இருக்கின்றன என்று தேவகிருபை சொன்னார். அப்படியானால் தொட்டியில் கொஞ்சம் சேறு போட்டுப் பார்க்கலாமா, இயற்கையில் சேறு இருக்கிறதே என்றார். மருந்து சேற்றில் ஒட்டிக்கொள்ளும், மீனுக்குப் போகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தேவகிருபைக்கும் தெரியும்.

கடைசியில் மதியழகன் சாவையே சந்தேகித்தார். "செத்துடுச்சுன்னு எப்படி அவ்ளோ உறுதியா எழுதுறீங்க? இன்னும் ரெண்டு நாள் வெச்சிப் பாத்தா சிலது திரும்பி வரலாம் இல்ல?"

"மூணாம் நாள் உயிர்த்தெழுந்தது ஒருத்தர்தான் சார். அவர் மீன் இல்ல" என்றார் தேவகிருபை.

இரண்டு நாள் கழித்து மதியழகனே வாணியம்பாடி மார்க்கெட்டுக்குப் போய், ஒரு பக்கெட்டில் உயிருள்ள தேளி மீன்கள் வாங்கி வந்தார். கறுப்பாக, மீசையோடு இருக்கும் அந்த மீனை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. தண்ணீர் கெட்டுப் போனால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். குட்டை வற்றினால் சேற்றுக்குள் படுத்து மழைக்குக் காத்திருக்கும். குழம்புக்கு அறுத்த பிறகும் கொஞ்ச நேரம் வாலாட்டும். அதில் பத்தை 0.8 தொட்டியில் விடச் சொன்னார். இருபத்து நான்கு மணி நேரம் போதும் என்றார். ஒன்று முதல் மணி நேரத்திலேயே வெளியே குதித்து மேஜைக்கடியில் போய்க் கிடந்தது. மறுநாள் பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தால் தள்ளியபோது முள்ளால் அவர் கையைக் கொட்டப் பார்த்தது. மருந்துப் பக்கமே போகாத அந்தத் தேளியையும் சேர்த்துப் பத்தும் பிழைத்ததாகக் குறித்துக்கொண்டார் மதியழகன்.

ரிப்போர்ட் அவரே எழுதினார். 'லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் அளவில் உள்ளூர் நன்னீர் மீன்களிடையே சாவு எதுவும் காணப்படவில்லை' என்பது முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. மீன் பரிசோதனைக்குக் கையெழுத்திடும் தகுதி அந்தக் கூடத்தில் தேவகிருபைக்கு மட்டும்தான். அவர் பேனாவை எடுக்கவில்லை. தேளி என்றும், இருபத்து நான்கு மணி நேரம் என்றும் எழுதினால்தான் போடுவேன் என்றார். மதியழகன் மறுக்கவில்லை. நான்காம் பக்கத்தின் அடியில், மூக்குக்கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், சேர்த்துவிட்டார்.

தேவகிருபை திரும்பத் திரும்பப் படித்தார். குதித்து ஓடிய ஒரு மீனைத் தவிர, ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பொய் எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பார். உண்மையாகவே எழுதியிருந்ததால் எதைச் சொல்லி மறுப்பது என்று தெரியவில்லை. மணியும் ஐந்தரை ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் கணவர் ஜெயகரனிடம் சொன்னார். ஜெயகரன் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். எந்த விஷயத்தையும் நறுக்கென்று வெட்டி முடித்துவிடுவார். "நாலாம் பக்கத்துல போட்டிருக்கு இல்ல? அப்புறம் இன்னா கிருபை, உன்மேல தப்பில்ல" என்றார். நான்காம் பக்கம் வரைக்கும் எவன் படிக்கப் போகிறான் என்று தேவகிருபை கேட்கவில்லை.

செல்வகுமார் முதல் பக்கத்தை மட்டும் கலரில் நகலெடுத்தார். அதோடு பளபளவென்று ஒரு பிரசுரமும் அடித்தார். நடுப்பக்கத்தில் 'எங்கள் மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர்கள்' என்று பதினான்கு தோல் தொழிற்சாலைகளின் பெயரும் விலாசமும். செப்டம்பருக்குள் ஹரிதகார்டு பதினான்கு இடங்களிலும் இறங்கிவிட்டது. செத்த மீன் படம் உள்ள டிரம்மைக் கழுவினால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். சிரிக்கிற மீன் உள்ள டிரம்மை எங்கே கழுவினால் என்ன? முற்றத்தில் கழுவி முற்றத்திலேயே கொட்டினார்கள். நவம்பரில் மழை வந்து முற்றத்தையும் கழுவியது.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராமலிங்கம் என்றொருவர் கூடத்துக்குள் நுழைந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் ஒரு பெயின்ட் வாளி, அதில் செத்த கட்லா மீன்கள் மூன்று, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மேற்கே ஒரு ஊரில் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர். விடிகாலை போய்ப் பார்த்தால் கரை முழுக்க வெள்ளையாக மல்லாந்து கிடந்ததாகச் சொன்னார். அதிகாரிகள் குழு ஒன்று வந்து பார்த்ததாம். தண்ணீரைத் தொடாமல் கரைமேல் நின்றபடியே பேசி, மழைக்குப் பிறகு திடீரென்று ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாம். அந்தக் காகிதத்தையும் நீட்டினார்.

தேவகிருபை வாங்கிப் படித்தார். செத்துப் போன எதற்குமே ஆக்சிஜன் குறைவுதான். அந்த வகையில் குழு எழுதியது தப்பில்லை.

"எல்லாமே போய்டுச்சா?" என்று கேட்டார்.

"கட்லா, ரோகு, கெண்டை, எறா, எல்லாம் போய்டுச்சு மேடம். தேளி மட்டும் சாவல. அது பாட்டுக்கு சுத்திக்கினு கீது. காத்து கம்மின்னு சொல்றாங்களே, தேளி மட்டும் எப்படி?"

மீனுக்குக் காற்று போதாமல் போனாலும் தேளி பிழைக்கும், நஞ்சு கலந்தாலும் பிழைக்கும். அதனால் அது எதையும் நிரூபிக்காது என்று விலங்கியல் படித்த தேவகிருபைக்குத் தெரியும். ஆனால் அந்த ஏரிக்கு வரும் கால்வாய் எந்த முற்றத்தின் பின்னாலிருந்து வருகிறது என்று கேட்டார். ராமலிங்கம் ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். பிரசுரத்தின் நடுப்பக்கத்தில் ஒன்பதாவதாக இருந்த பெயர். அங்கே நீல டிரம்முகளைக் கழுவுவதைத் தானே பார்த்ததாகவும், டிரம்மில் மீன் படம் போட்டிருந்ததால் மீனுக்கு நல்ல மருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டதாகவும் அவரே சொன்னார்.

தேவகிருபை அலமாரியைத் திறந்து தம் வேலை நோட்டை எடுத்தார். அறுபது மீன்களின் பக்கத்தைக் காட்டினார். அடுத்த பக்கத்தில் தேளி. பிறகு ரிப்போர்ட்டின் நகல்.

"இது என் கையெழுத்துதாங்க" என்றார்.

ராமலிங்கம் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டு தபா பாத்திருக்கீங்க. ஒண்ணுல செத்துச்சு, ஒண்ணுல சாவல. சாவாதத அனுப்பிட்டீங்க."

"ஆமாங்க."

"நான் கூடத்தான் சந்தையில நல்ல மீன மேல வெச்சி நசுங்கினத கீழ வெப்பேன். ஆனா நான் ஒம்பதாவதோட நின்னுட்டவன் மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த மூன்று மீன்களோடு தேவகிருபை அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம், மதியழகன் சாப்பிடப் போன நேரத்தில், கூடத்தின் கடிதத்தாளில் ஒரு கடிதம் அடித்தார். ஹரிதகார்டு பற்றி நான் கையெழுத்திட்ட அறிக்கை ஆபத்தை மதிப்பிடத் தகுதியற்றது. அதைத் திரும்பப் பெறுகிறேன். வரி மீன்களில் தொண்ணூற்றாறு மணி நேரம் செய்த சோதனையின் முடிவு இது. இந்த மருந்து நீரில் வாழ்வனவற்றுக்குக் கொடிய நஞ்சு. டிரம்மில் செத்த மீன் படம் இருக்க வேண்டும். கழுவும் நீரை வெளியே விடக் கூடாது. அவ்வளவுதான். அறிக்கை யாரிடமெல்லாம் போயிருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. செல்வகுமாரே பதினான்கு விலாசங்களையும் பிழையில்லாமல் அச்சடித்துக் கொடுத்திருந்தார். அந்த விலாசங்களுக்குப் பதினான்கையும், மாவட்ட அதிகாரிகளுக்கு ஒன்றையும், செல்வகுமாருக்கு ஒன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபால் ஆபீசில் இருந்த பெண் இவ்வளவையும் பார்த்து, கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்.

இரண்டாம் நாள் கூடத்தின் போன் ஓயவில்லை. மதியழகன் சிவந்த முகத்தோடு வந்து, என்னைக் கேட்காமல் யார் அனுப்பச் சொன்னது என்றார். தேவகிருபை கூடத்தின் தர விதி நூலை எடுத்து முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தார். அறிக்கையில் தவறு தெரிந்தால், கையெழுத்திட்டவர் அதைப் பெற்றவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. கீழே மதியழகனின் கையெழுத்தும் முத்திரையும். அந்த நூலை அவர் வேறொரு கூடத்திடமிருந்து வாங்கி, அட்டையை மட்டும் மாற்றியிருந்தார். உள்ளே இரண்டு இடங்களில் பழைய கூடத்தின் பெயர் இன்னும் இருந்தது. தம் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் முதன்முறையாகப் படித்தார். படித்து முடித்து, "நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றார்.

ஒன்பது நாள் தேவகிருபை வீட்டில் இருந்தார். பயம் இருந்தது. மூன்றாம் நாள் ஜெயகரன், கம்பெனியில் எல்லோருக்கும் உன் பேச்சுதான், ரொம்ப பேஜாராக இருக்கிறது என்றார். சொன்ன குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்தாம் நாள் மதியழகனிடமிருந்து போன். தரச் சான்று புதுப்பிக்க டில்லியிலிருந்து ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள், மீன் பிரிவின் பொறுப்பாளர் எங்கே என்று கேட்கிறார்கள், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். தேவகிருபை போனார். ஆய்வாளர்கள் திரும்பப் பெறும் கடிதத்தைக் கோப்பில் கண்டுபிடித்திருந்தார்கள். ஐந்து வருடமாக எத்தனையோ கூடங்களைப் பார்த்திருக்கிறோம், தன் தவறைத் தானே ஊருக்குச் சொன்ன கூடத்தை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பாராட்டினார்கள். மதியழகன் எழுந்து நின்று கைகூப்பி, மனசாட்சிதான் எங்கள் முதல் கருவி என்றார். தேவகிருபையின் வேலை நீக்கம் விடுப்பு ஆயிற்று. ஜனவரியில் ஒரு கருத்தரங்கில் மதியழகன் அந்தக் கருவியைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். இரண்டு முறை குரல் தழுதழுத்தது. தேவகிருபைக்கு மூன்றாம் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள்.

பதினான்கில் நான்கு தொழிற்சாலைகள் ஹரிதகார்டை நிறுத்தின. இன்னொன்றின் மேலாளர் வக்கார் அகமது தாமே போன் செய்து, டிரம் கழுவும் தண்ணீரை இனிச் சுத்திகரிப்புக் குழாயில்தான் விடுகிறோம் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றும் சேர்த்துச் சொன்னார். செல்வகுமார் புது லேபிள் அடித்தார். செத்த மீனும் பட்ட மரமும் அதில் வந்தன. அவருக்கு வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மீனையே கொல்கிறது என்றால் பூஞ்சையை விடுமா என்று கேட்டு, புதிதாக ஆறு பேர் வாங்கிக்கொண்டார்கள். படம் இருந்ததால் அவர்களும் டிரம்மை முற்றத்தில் கழுவவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

அதிகாரிகள் குழு தன் ஆக்சிஜனைக் கைவிடவில்லை. ராமலிங்கத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் தேவகிருபை பேருந்து பிடித்து அவர் ஊருக்குப் போனார். மறுபடி ஏரியில் மீன்குஞ்சு விடுவதற்கு ராமலிங்கம் பயந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் தேவகிருபை. ராமலிங்கம் ஏரியின் நடுவிலும் கால்வாய் வாயிலுமாக இரண்டு கேன் பிடித்து வந்தார். தேவகிருபை அதைத் தொட்டியில் ஊற்றிப் பத்து வரி மீன்களை விட்டார். யாருடைய சாம்பிள் என்று மதியழகன் கேட்டார். ஏரியுடையது என்றார் தேவகிருபை. கருத்தரங்கின் சூடு இன்னும் ஆறாததால் மதியழகன் மேலே கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை ராமலிங்கத்துக்குப் போன் செய்து, பத்தும் உயிரோடு இருக்கின்றன என்று தேவகிருபை சொன்னார்.

"எழுதித் தர்றீங்களா மேடம்?"

"எழுதியும் தர்றேன். ஆனா நீங்க வந்து பாருங்க."

ராமலிங்கம் பைக்கில் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, தொட்டிக்கு முன்னால் குனிந்து, விரலை நீட்டி எண்ணினார்.

"ஒம்போதுதான் கீது."

"காத்துக் குழாய்க்குப் பின்னால ஒண்ணு நிக்குது பாருங்க."

அது வெளியே வரும்வரைக்கும் அவர் குனிந்தபடியே நின்றார். வந்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினார். பிறகு நிமிர்ந்து, மீன்குஞ்சு விற்கும் பண்ணை எத்தனை மணிவரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டார்.